ஹாதோர்னின் முப்பாட்டன்களும் அவர் கதைகளில் வரும் பாவமும்

கேள்வி இதுதான்: “கல்லூரியில் ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ நாவல் பாடமாக இருக்கிறது. நதானியேல் ஹாதோர்னின் முன்னோர்கள் பியூரிட்டன் நீதிபதிகள், அந்தக் குற்றவுணர்வில்தான் அவர் எழுதினார் என்று எல்லாக் கைடுகளிலும் ஒரே வரி இருக்கிறது. எவ்வளவு தூரம் உண்மை? கதைகளில் அது எங்கே தெரிகிறது?”

ஹாதோர்ன் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவலாசிரியர். பியூரிட்டன்கள் என்றால், பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அங்கே குடியேறிய, கடும் ஒழுக்கக் கட்டுப்பாடு கொண்ட கிறிஸ்தவப் பிரிவினர். அந்த வரி பொய்யில்லை. பரீட்சையில் எழுதினால் மார்க்கும் விழும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு கதையைக்கூட உருப்படியாகப் படிக்க முடியாது. முன்னோர் செய்த பாவத்துக்காக வருந்தியவர் என்று மட்டும் சொன்னால், ஹாதோர்ன் ஏதோ திதி கொடுப்பதுபோல நாவல் எழுதியதாக ஆகிவிடும். என் வாசிப்பில் அவருடைய பயம் இன்னும் கிட்டத்தில் இருந்தது. அடுத்தவர் மனதைத் துருவி, உள்ளே இருப்பதை வெளியே இழுத்துப் போடுவது அந்த முன்னோர்களின் வேலை. கதை எழுதுகிறவனும் வேறு விதத்தில் அதையேதான் செய்கிறானோ என்பது அவரை விடாமல் அரித்தது. எதனால் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஆட்களிடமிருந்தே தொடங்க வேண்டும்.

ஊர் சேலம். நம் மாம்பழச் சேலம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் இருப்பது. தமிழ் பைபிளில் ‘சாலேம்’ என்று வருமே, சமாதானம் என்று பொருள்படும் அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். சமாதானத்துக்கும் அந்த ஊருக்கும் வெகுதூரம். 1630-களில் அங்கே குடியேறியவர் வில்லியம் ஹாதோர்ன். படையில் மேஜர், சட்டசபையில் சபாநாயகர், ஊருக்கு மாஜிஸ்திரேட். நாவலாசிரியருக்கு எள்ளுத்தாத்தாவின் தகப்பன் முறை. அவர் மகன் ஜான் ஹாதோர்ன், அதாவது எள்ளுத்தாத்தா, 1692-ல் சூனியக்காரிகள் என்று பிடித்து வரப்பட்டவர்களை விசாரித்த மாஜிஸ்திரேட். அந்த ஒரு வருடத்தில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். வாக்குமூலம் சொல்ல மறுத்த ஜைல்ஸ் கோரி என்ற கிழவர் மார்பில் கற்களை ஏற்றிக் கொல்லப்பட்டார். சிறையில் செத்தவர்கள் தனி.

ஜான் ஹாதோர்ன் எப்படி விசாரித்தார் என்பதற்கு எழுத்துப் பதிவு இருக்கிறது. 1692 மார்ச் 1. முன்னால் நிற்பவள் சாரா குட். வீடு வாசல் இல்லாமல், குழந்தையோடு பிச்சையெடுத்து அலைந்தவள். முதல் கேள்வியே இது: “சாரா குட், எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம்?” ஒன்றோடும் இல்லை என்கிறாள். “பிசாசோடு ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லையா?” இல்லை. “இந்தப் பிள்ளைகளை ஏன் வதைக்கிறாய்?” நான் வதைக்கவில்லை. “அப்படியென்றால் யாரை ஏவி வதைக்கிறாய்?” பிறகு, சூனியத்தால் வதைபடுவதாகச் சொல்லி அங்கிருந்த சிறுமிகளை அவளைப் பார்க்கச் சொல்கிறார். அவர்கள் துடிக்கிறார்கள், அலறுகிறார்கள். “இப்போது தெரிகிறதா நீ என்ன செய்தாய் என்று? ஏன் உண்மையைச் சொல்ல மறுக்கிறாய்?”

இந்தக் கேள்விகளின் அமைப்பைக் கவனியுங்கள். செய்தாயா என்ற கேள்வியே கிடையாது. செய்துவிட்டாள் என்பது முடிந்த விஷயம். அவள் வாயால் அதை வரவழைப்பதுதான் பாக்கி. ஜூலை 19 அன்று அவளைத் தூக்கிலிட்டார்கள். தூக்குமேடையில் நிக்கலஸ் நாய்ஸ் என்ற போதகர் கடைசியாக ஒருமுறை ஒப்புக்கொள்ளச் சொன்னபோது அவள் திருப்பிச் சொன்னதாக வழங்கும் வார்த்தை: “நீ பொய்யன். நீ எப்படி மந்திரவாதி இல்லையோ அப்படியே நானும் சூனியக்காரி இல்லை. என் உயிரை எடுத்தால் கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்.” இந்தச் சாபத்துக்குத் திரும்பி வருவோம்.

ஐந்து வருடம் கழித்து, அதே வழக்குகளில் நீதிபதியாக இருந்த சாமுவேல் சூவல், பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று, தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் கடிதத்தைப் போதகரை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். ஜான் ஹாதோர்ன் அப்படி எதுவும் செய்யவில்லை. மேல்கோர்ட் நீதிபதியாக உயர்ந்து, மரியாதையோடு 1717-ல் இறந்தார்.

அதற்குப் பிறகு குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நீதிபதிகளின் வாரிசுகள் மாலுமிகள் ஆனார்கள். நாவலாசிரியரின் தகப்பனார் கப்பல் கேப்டன். (1796-ல் வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்கு முதல் யானையை ஏற்றிப்போன ‘அமெரிக்கா’ என்ற கப்பலில் அவர் வேலை பார்த்தார், வழியில் யானைக்குக் கீரை ஏற்றிய கணக்குகூடப் பதிவேட்டில் அவர் கையெழுத்தில் இருக்கிறது.) 1808-ல் சுரினாமில் மஞ்சள் காய்ச்சலில் போய்விட்டார். பையனுக்கு அப்போது நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அம்மா பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பினார். ஆகவே முன்னோர் பெருமையைத் தினமும் சொல்லி வளர்க்க அந்த வீட்டில் ஹாதோர்ன் ஆம்பளை யாரும் இல்லை.

இது முக்கியம் என்று நினைக்கிறேன். ஹாதோர்னுக்கு மூதாதையர் ரத்தத்தில் வந்ததைவிடப் புத்தகத்தில் வந்தார்கள். 1825-ல் கல்லூரி முடித்துச் சேலத்துக்குத் திரும்பியவர் அடுத்த பன்னிரண்டு வருடம் பெரும்பாலும் வீட்டிலேயே அடைந்து கிடந்தார். அம்மாவின் சகோதரியுடைய சந்தாவில் சேலம் நூலகத்திலிருந்து நியூ இங்கிலாந்தின் பழைய சரித்திரங்களை, குவேக்கர்கள் எழுதிவைத்த துன்பக் கணக்குகளை, போதகர்களின் நூல்களைக் கட்டுக்கட்டாக இரவல் வாங்கினார். அந்தப் பக்கங்களில் தன் குடும்பப் பெயர் தென்படுகிறது, அதுவும் சாட்டைக்குப் பக்கத்தில். அந்தச் சமயத்தில்தான் தன் பெயருக்குள் ஒரு ‘டபிள்யூ’ எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். மாஜிஸ்திரேட்டோடு உறவை அறுக்கத்தான் சேர்த்தார் என்று கைடுகள் சொல்லும். எனக்கு அது ஒட்டவில்லை. உறவை அறுக்க நினைக்கிறவன் தன் மிகப் பெரிய நாவலின் முன்னுரையில் அந்த இரண்டு கிழவர்களையும் கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டான்.

கதைகளுக்கு வருவோம். 1849-ல் வந்த ‘மெயின் ஸ்ட்ரீட்’ கைடுகளில் அநேகமாக இருக்காது. சேலத்தின் பிரதான வீதியில் காலகாலமாக நடந்ததை ஒருவன் பொம்மைக் காட்சியாக ஓட்டிக் காட்டுகிறான். ஓரிடத்தில் ஆன் கோல்மன் என்ற குவேக்கர் பெண் வருகிறாள். குவேக்கர்கள் என்றால், ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுளின் ஒளி நேரே இறங்கும், இடையில் போதகர் வேண்டியதில்லை என்று நம்பியவர்கள். பியூரிட்டன்களுக்கு அது பொறுக்கவில்லை. இடுப்புக்கு மேல் துணியில்லாமல், வண்டியின் பின்பக்கம் கட்டி, அவளை வீதியில் இழுத்துப் போகிறார்கள். கான்ஸ்டபிள் முடிச்சுப்போட்ட சாட்டையோடு பின்னால் நடக்கிறான். சேலத்தில் பத்து அடி, பாஸ்டனில் பத்து, டெட்ஹாமில் பத்து. பிறகு காட்டுக்குள் துரத்திவிட வேண்டும். அந்தக் கான்ஸ்டபிள் ஒவ்வொரு அடியிலும் தன் ஆத்மாவையே வைத்து அடிக்கிறான், மேஜர் ஹாதோர்னின் வாரண்ட் வார்த்தை பிசகாமல் நிறைவேற வேண்டுமே என்று. பத்திரிகையில் ‘ஒரு மாஜிஸ்திரேட்’ என்று எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பெயரைப் போட்டுத்தான் எழுதினார்.

அதே கதையில் இன்னொரு வரி: இப்படிப்பட்ட முன்னோர்களைக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வோம், ஒவ்வொரு தலைமுறையும் அவர்களிடமிருந்து ஓரடி தள்ளி வந்ததற்காக அதே அளவு நன்றி சொல்லட்டும். மரியாதையும் கசப்பும் இவ்வளவு சரிசமமாகக் கலந்த வாக்கியத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

இதற்குப் பல வருடம் முன்பே, 1835-ல், ‘யங் குட்மன் பிரவுன்’. புதிதாகக் கல்யாணமான பிரவுன் மனைவி ஃபெயித்தை வீட்டில் விட்டுவிட்டு ராத்திரியில் காட்டுக்குள் போகிறான். வழியில் சேரும் ஆள் பிசாசு. பிரவுன் தயங்கி, “என் அப்பா, அவருக்கு அப்பா யாரும் இப்படிப்பட்ட காரியத்துக்குக் காட்டுக்குள் வந்ததில்லை, நாங்கள் நல்ல கிறிஸ்தவக் குடும்பம்” என்கிறான். பிசாசு சிரிக்காத குறையாகச் சொல்கிறான்: உன் குடும்பத்தை எனக்கு நன்றாகத் தெரியும். உன் தாத்தா கான்ஸ்டபிளாக இருந்து சேலம் வீதிகளில் குவேக்கர் பெண்ணைச் சாட்டையால் அடித்தபோது உதவியது நான்தான். செவ்விந்தியர் கிராமத்துக்கு நெருப்பு வைக்க உன் அப்பனுக்குப் பந்தம் கொளுத்திக் கொடுத்ததும் நான்தான். கிராமத்துக் கிழவி ஒருத்தி அந்தப் பிசாசைப் பார்த்ததும், ‘இப்போதிருக்கும் அசட்டுப் பிள்ளையின் தாத்தா உருவத்திலேயே வந்திருக்கிறாயே’ என்று கொண்டாடுகிறாள். பிசாசின் முகமே தாத்தா முகம்.

இந்தக் கதையின் நிஜமான பயங்கரம் பிற்பாடுதான் தெரிகிறது. காட்டில் ஊர்ப் பெரிய மனிதர்களையும் மனைவியையும் பிசாசின் கூட்டத்தில் பார்த்ததாக, அல்லது கனவு கண்டதாக, பிரவுன் திரும்பி வருகிறான். அதற்குப் பிறகு யாரையும் அவனால் நம்ப முடியவில்லை. போதகர் பிரசங்கம் செய்தால் கூரை இடிந்து விழுமோ என்று பயம். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியிடமிருந்து விலகிப் படுக்கிறான். சாகும்வரை இருட்டு. பிரவுன் என்ன பாவம் செய்தான் என்று தேடினால் ஒன்றும் அகப்படாது. எல்லோரையும் பாவிகளாகப் பார்க்கக் கற்றுக்கொண்டான், அவ்வளவுதான். 1692-ல் சேலம் ஊருக்கு வந்த வியாதியும் அதுவே.

இனி ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’. சேலம் சுங்க அலுவலகத்தில் பார்த்துவந்த வேலை, ஆட்சி மாறியதால் 1849 ஜூனில் போனது. ஜூலை கடைசியில் அம்மா இறந்தார். அந்தத் துக்கத்திலும் பணமுடையிலும் உட்கார்ந்து எழுதிய நாவல் 1850 மார்ச்சில் வெளிவந்தது. ‘கஸ்டம் ஹவுஸ்’ என்ற நீண்ட முன்னுரையைப் பல வகுப்புகளில் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். உங்கள் கேள்விக்கு ஹாதோர்னே பதில் சொல்லியிருப்பது அங்கேதான். வில்லியம் தாடியோடும் கறுப்பு அங்கியோடும் கூம்புத் தொப்பியோடும் ஒரு கையில் பைபிள் ஒரு கையில் வாளோடு வருகிறார். ஜான் மேல் சூனியக்காரிகளின் ரத்தக் கறை எவ்வளவு ஆழமாகப் படிந்ததென்றால், சார்ட்டர் தெரு இடுகாட்டில் அவருடைய காய்ந்த எலும்புகள் இன்னும் மண்ணாகாமல் இருந்தால் அவற்றிலும் அந்தக் கறை இருக்கும் என்கிறார். அவர்களுக்காக நான் இந்த வெட்கத்தை என்மேல் ஏற்றுக்கொள்கிறேன், அவர்கள் சம்பாதித்த சாபம் இத்தோடு நீங்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறார். சூவல் செய்ததை, ஜான் ஹாதோர்ன் செய்யாததை, ஜானின் பேரனுக்குப் பேரன் நூற்றைம்பது வருடம் கழித்துச் செய்கிறான்.

கைடுகள் இங்கே நின்றுவிடும். அடுத்த பத்திதான் வேடிக்கை. அந்தக் கிழவர்கள் இருவரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள்: இவன் என்ன செய்கிறான்? கதைப் புத்தகம் எழுதுகிறானாம்! அதற்குப் பிடில் வாசிக்கப் போயிருக்கலாமே, தறுதலை. சிரிக்கவைத்துவிட்டு ஹாதோர்ன் சொல்கிறார்: அவர்கள் என்னை எவ்வளவு இகழ்ந்தாலும், அவர்கள் சுபாவத்தின் பலமான இழைகள் என் சுபாவத்தில் பின்னிக் கிடக்கின்றன.

பின்னிக் கிடப்பது எது? நாவலில் வரும் ரோஜர் சில்லிங்வொர்த்தைப் பாருங்கள். விபசாரக் குற்றத்துக்காக நெஞ்சில் சிவப்பு ‘ஏ’ எழுத்தை அணியவைக்கப்பட்ட நாயகி ஹெஸ்டரின் புருஷன், வயதான படிப்பாளி. தன் மனைவி பெற்ற குழந்தைக்குத் தகப்பன் யார் என்று தேடுகிறான். போதகர் டிம்ஸ்டேல்மீது சந்தேகம் வருகிறது. வைத்தியன் என்ற பெயரில் அவரோடு ஒரே வீட்டில் தங்கி, நாளுக்கு நாள் அவர் நெஞ்சைத் தோண்டுகிறான். தங்கம் தேடும் சுரங்கக்காரனைப்போல என்று சொல்ல வந்த ஹாதோர்ன் உடனே திருத்திக்கொள்கிறார்: இல்லை, பிணத்தின் மார்பில் புதைந்த நகையைத் தேடிச் சவக்குழி தோண்டுகிறவனைப்போல. கடைசியில் காட்டில் ஹெஸ்டரிடம் டிம்ஸ்டேல் சொல்கிறார்: நாம் உலகத்திலேயே பெரிய பாவிகள் இல்லை. அந்தக் கிழவன் ஒரு மனித இதயத்தின் புனிதத்தைப் பதறாமல் மீறினான். நீயும் நானும் அதை ஒருபோதும் செய்யவில்லை.

விபசாரத்தை விடப் பெரிய பாவம் இதயத்துக்குள் அத்துமீறி நுழைவது. பியூரிட்டன் சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு பாவம் கிடையாது. சொல்லப்போனால் சாரா குட்டை விசாரித்தவருக்கு அது உத்தியோகம். மன்னிக்கவே முடியாத பாவம் எது என்று ஹாதோர்ன் தன் குறிப்பேட்டில் யோசித்த இடம் ஒன்று உண்டு. மனித ஆத்மாவின்மேல் அன்பும் மரியாதையும் இல்லாமல், அதைத் திருத்தும் எண்ணமும் இல்லாமல், வெறும் குளிர்ந்த ஆர்வத்தால் அதன் இருட்டுக்குள் எட்டிப் பார்ப்பதாக அது இருக்கலாம் என்று எழுதுகிறார். இதையே ‘ஈத்தன் பிராண்ட்’ கதையாக்கினார். மாஜிஸ்திரேட்டை இது அப்படியே குறிக்கிறது. நாவலாசிரியரையும்தான் குறிக்கிறது. சுங்க அலுவலகத்தில் கூட வேலை பார்த்த கிழவர்களை அவர் எப்படிக் கூறுபோட்டு வர்ணித்தார் என்று பாருங்கள், ஊரே கோபித்துக்கொண்டது.

தமிழில் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ‘பாவம்’ என்றால் செய்த தீவினை. ‘ஐயோ பாவம்’ என்றால் இரக்கம். குழந்தையோடு மேடையில் நிற்கும் ஹெஸ்டரைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் முதல் அர்த்தத்தில் சொல்கிறார்கள். நாவல் நம்மை இரண்டாவது அர்த்தத்தில் சொல்லவைக்கிறது.

அந்தச் சிவப்பு எழுத்துக்கும் பதிவேடுகளில் வேர் உண்டு. 1694-ல் மாசசூசெட்ஸ் சட்டமே, விபசாரம் செய்தவர்கள் இரண்டு அங்குல ‘ஏ’ எழுத்தை உடையின்மேல் தைத்துக்கொள்ள வேண்டும் என்றது. அம்மா வழியிலும் கதை இருக்கிறது: 1681-ல் மேனிங் குடும்பத்துச் சகோதரிகள் இருவர், அண்ணனோடு தகாத உறவு என்ற குற்றத்துக்காக, அதைக் காகிதத்தில் எழுதித் தலையில் வைத்துக்கொண்டு சேலம் தேவாலயத்தில் உயரமான ஸ்டூலில் உட்கார வேண்டியிருந்தது. அண்ணன் ஓடிவிட்டான். பெண் மேடையில், ஆண் மறைவில் என்ற நாவலின் அமைப்பு இதிலிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தண்டித்தவர்கள் தகப்பன் வழி, தண்டனை பெற்றவர்கள் தாய் வழி என்று இரண்டு பக்கமும் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தன.

பாவம் என்ற விஷயத்தோடு எழுதும் முறையும் அங்கிருந்தே வந்தது. யார் ரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டார் என்பது பியூரிட்டன் நம்பிக்கை. அப்படியானால் நான் எந்தப் பக்கம்? அதைக் கண்டுபிடிக்க மனதையும் வானத்தையும் அடையாளம் தேடித் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். ஹாதோர்னுக்கு அந்தச் சித்தாந்தத்தில் நம்பிக்கை இல்லை, தேவாலயத்துக்குப் போவதே அபூர்வம். அடையாளம் தேடும் பழக்கம் மட்டும் கலையாக மாறி நின்றுவிட்டது. ராத்திரி வானத்தில் எரிகல் ஒளி ‘ஏ’ போலத் தெரிகிறது. டிம்ஸ்டேல் தன் குற்றம் என்று படிக்கிறார். ஊர்க்காரர்கள், அன்றிரவு இறந்த கவர்னர் வின்த்ராப் தேவதூதர் ஆனதற்கு அடையாளம், ‘ஏஞ்சல்’ என்று படிக்கிறார்கள். ஜான் ஹாதோர்ன் சிறுமிகளின் துடிப்பில் ஒரே ஒரு அர்த்தத்தைப் படித்தார். அவர் வாரிசு ஒரே அடையாளத்துக்கு இரண்டு மூன்று அர்த்தம் வைத்து, எது சரி என்று சொல்லாமல் விடுகிறார்.

‘தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்’ (1851) வம்சப் பழியை நேராகவே சொல்லும் நாவல். கர்னல் பிஞ்சன் என்பவர் மாத்யூ மாலின் நிலத்துக்கு ஆசைப்பட்டு, அவனைச் சூனியக்காரன் என்று தூக்குக்கு அனுப்புகிறார். தூக்குக் கயிற்றோடு மால் சொல்வது சாரா குட் சொன்ன அதே சாபம். வீடு கட்டிக் குடிபுகும் நாளில் கர்னல் நாற்காலியில் செத்துக் கிடக்கிறார், கழுத்துப் பட்டியில் ரத்தம். தலைமுறைகள் கழித்து மாலின் வாரிசும் பிஞ்சன் வீட்டுப் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்கிறார்கள். இந்த முடிவு எனக்கு அவசரமாகவே படுகிறது. அத்தனை கனமான சாபத்தை ஒரு கல்யாணத்தில் கரைத்துவிடுகிறார். ஆனால் 1692-ல் பிடிபட்டுத் தப்பியோடிய பிலிப் இங்கிலீஷ் என்ற வியாபாரியின் வம்சத்துப் பெண் பின்னாளில் மாஜிஸ்திரேட் ஹாதோர்ன் வம்சத்திலேயே வாழ்க்கைப்பட்டதாக அவர் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். சொந்த வீட்டுக் கதையை வைத்துத்தான் முடித்திருக்கிறார்.

மறுதரப்பையும் சொல்லிவிடுகிறேன். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ் 1879-ல் ஹாதோர்னைப் பற்றி எழுதிய நூலில், அவர் பியூரிட்டன் மனசாட்சியை ஓவியன் வர்ணத்தைப் பயன்படுத்துவதுபோலப் பயன்படுத்தினார், அதற்குக் கீழே நசுங்கவில்லை என்கிறார். ஹெர்மன் மெல்வில் 1850-லேயே, அவரிடம் இருக்கும் இருட்டின் பலம் பிறவிப் பாவம் என்ற கால்வினிய உணர்விலிருந்து, அதாவது பியூரிட்டன்களின் மத உணர்விலிருந்து, வருகிறது என்று எழுதினார். ஜேம்ஸ் சொல்வது ‘மெயின் ஸ்ட்ரீட்’டின் கிண்டலுக்குப் பொருந்தும், சில்லிங்வொர்த் வரும் பக்கங்களுக்கு மெல்வில்தான் பொருத்தம்.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய சாட்டையடிக்கு வெட்கப்பட்டவர், தன் காலத்துச் சாட்டையைப் பார்க்கவில்லை. 1852-ல் கல்லூரித் தோழர் ஃபிராங்க்ளின் பியர்ஸ் ஜனாதிபதி தேர்தலில் நின்றபோது ஹாதோர்ன் எழுதிக்கொடுத்த வாழ்க்கை வரலாற்றில், அடிமைமுறை மனித முயற்சியால் தீர்க்கவேண்டியதல்ல, தெய்வம் தனக்கான காலத்தில் அதைக் கனவுபோல மறையச் செய்யும் என்ற கருத்தை முன்வைத்தார். பியர்ஸ் ஜெயித்தார், ஹாதோர்னுக்கு லிவர்பூலில் தூதரகப் பதவி கிடைத்தது. ‘முன்னோர் பாவத்தை உணர்ந்த எழுத்தாளர்’ என்ற வரியைக் கைடில் படிக்கும்போதெல்லாம் இது எனக்கு நினைவுக்கு வரும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால்: முதலில் ‘யங் குட்மன் பிரவுன்’, ஒரு மணி நேரம்கூட ஆகாது. பிறகு ‘மெயின் ஸ்ட்ரீட்’. அதன் பிறகு ‘கஸ்டம் ஹவுஸ்’ முன்னுரையை நிதானமாகப் படித்துவிட்டு நாவலுக்குள் போங்கள். முன்னுரையில் ஓரிடத்தில், பழைய மூட்டையில் கிடைத்ததாகச் சொல்லும் அந்தச் சிவப்புத் துணி எழுத்தை அவர் விளையாட்டாகத் தன் நெஞ்சில் வைத்துப் பார்க்கிறார். துணியாக இல்லாமல் பழுக்கக் காய்ச்சிய இரும்பாகச் சுடுகிறது. உடம்பு நடுங்கித் தரையில் போட்டுவிடுகிறார். முழுக்கக் கற்பனை. ஆனால் அதை மார்பில் வைத்துப் பார்ப்பவர் சாட்டையடிக்கு வாரண்ட் எழுதிய மேஜரின் வாரிசு என்பதை மனதில் வைத்துக்கொண்டு அந்தப் பத்தியை ஒருமுறை படியுங்கள்.